பெட்டகத்துப் புத்தகத்துக்கு எந்த இ-ரீடர்?

"எந்த இ-ரீடர் நல்லது?" என்று, மின்னூல் வாசிக்கும் கருவியைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் விலை வரிசையில்தான் பதில் சொல்வார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: வாசிக்கப்போகிற புத்தகம் எந்த வடிவில் இருக்கிறது? காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் மூன்று வகை கலந்து கிடக்கும். காசு கொடுத்து வாங்கும் புது மின்னூல்கள் ஒரு வகை. இலவசமாக இறக்கிய பழந்தமிழ் நூல்களும் நாட்டுடைமையான நூல்களும் இன்னொரு வகை. மூன்றாவது, பெட்டகத்திலும் இரண்டாம் கட்டு அறைகளிலும் அடுக்கியிருக்கிற காகிதம்: குடமுழுக்கு மலர், மணிவிழா மலர், கடல் கடந்து போனவர்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் அச்சிட்டுக் கொண்டுவந்த சிறு நூல்கள், காரைக்குடியிலிருந்து வந்த பழைய இதழ்களின் கட்டு. முதல் இரண்டுக்கும் பொருந்துகிற கருவி மூன்றாவதற்குப் பெரும்பாலும் உதவாது. உங்கள் வாசிப்பில் எது அதிகம் என்று ஒரு தாளில் எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

திரையை அளந்து வாங்குங்கள்

6 அங்குலத் திரையின் உண்மையான பரப்பு ஏறக்குறைய 9 × 12 செ.மீ. 7 அங்குலம் என்றால் 10.7 × 14.2. 7.8 அங்குலம் 11.9 × 15.8. 10.3 அங்குலம் 15.7 × 20.9. இப்போது பெட்டகத்திலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கிரவுன் 1/8 அளவுப் பக்கம் சுமார் 12.5 × 18 செ.மீ. ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டால் எழுத்துப் பகுதி 9.5 × 15-க்குள் அடங்கும். அது 7.8 அங்குலத் திரையில் அச்சில் இருக்கிற அதே அளவில் தெரியும். 6 அங்குலத்தில் பொடியாகச் சுருங்கிவிடும். டெமி 1/8, அதாவது 14 × 21.5 செ.மீ. பக்கத்தை முழுதாகப் பார்க்க 10.3 அங்குலம் வேண்டும். மலர்களும் இதழ்களும் இதைவிடப் பெரியவை. அவற்றுக்கு இ-இங்க் (காகிதம்போலத் தெரியும் இ-ரீடர் திரை) கருவியைத் தேடாமல் சாதாரண டேப்லெட்டிலேயே பார்ப்பது புத்திசாலித்தனம்.

எழுத்தைத் தேவைப்படி பெரிதாக்கிக்கொள்ளக்கூடிய இ-பப் வகை மின்னூல்தான் அதிகம் என்றால் 6 அங்குலம் போதும் என்பார்கள். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "எடுத்துக்கொண்டிருந்தார்கள்" என்ற ஒரே சொல்லில் 14 எழுத்து. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே 6 அங்குலத் திரையில் வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும். இருபுறமும் சீராக்கும் அமைப்பு போட்டிருந்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். ஆகவே தமிழ் வாசகருக்கு 7 அங்குலமே குறைந்தபட்சம் என்பது எங்கள் கருத்து. 6 அங்குலம் ஏற்கெனவே கையில் இருந்தால் சீரமைப்பை இடப்பக்கத்துக்கு மாற்றுங்கள், ஓரத்தைக் குறையுங்கள், வரி இடைவெளியை ஒரு படி கூட்டுங்கள். மேலே வளைகிற 'கீ'யும் கீழே சுழிகிற 'கூ'வும் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கும்.

புள்ளியடர்த்தி 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கட்டும். நிறத்திரை குழந்தைகள் புத்தகத்துக்கு மட்டுமே நியாயம். கேலிடோ 3 வகை நிறத்திரையில் கறுப்பு வெள்ளை 300 பிபிஐ என்றாலும் நிறம் 150 பிபிஐதான்; மேலே இருக்கும் நிற வடிகட்டியால் பின்னணி எப்போதும் மங்கலாகத் தெரியும்.

தமிழ் எழுத்து உடைகிறதா?

வாங்கிய அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன், ஒரு சோதனைக் கோப்பு செய்யுங்கள். கணினியில் ஒரு பக்கம் தட்டச்சு செய்தால் போதும்: கொக்கு, கோவில், கௌரவம், ஔவை, ஸ்ரீ, க்ஷணம், ஞானம், ஙப்போல், தூண், றூ, ணை. அதை இ-பப் ஆக்கிக் கருவியில் திறந்து பாருங்கள். 'கொ'வின் கொம்பு தனியாக ஒரு புள்ளி வட்டத்தோடு நின்றால் அந்தச் செயலி எழுத்தைக் கோக்கத் தெரியாதது. எழுத்துரு மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாக வந்தால் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். அது எளிதில் தீரும்.

அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்னூல் விற்பனை 2016 டிசம்பரில் வந்தது. அதன் பிறகு வந்த மாதிரிகளில் தமிழ் சிக்கலில்லை. யாராவது சும்மா கொடுக்கிறார்கள் என்று அதற்கு முந்தைய கருவியை வாங்கினால் இந்தச் சோதனையை அவசியம் செய்யுங்கள். புதிய கிண்டில்களில் 'ஃபான்ட்ஸ்' என்ற கோப்புறைக்குள் நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போன்ற இலவச எழுத்துருவைப் போட்டால் எழுத்துருப் பட்டியலில் வந்து நிற்கும். கோபோ என்ற இன்னொரு வகை இ-ரீடரில் இ-பப் எழுத்து உடைந்தால் அதைக் கோபோவுக்கே உரிய கெபப் வடிவுக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது கோரீடர் என்ற இலவசச் செயலியை நிறுவுங்கள். கோரீடர் தமிழை ஒழுங்காகக் கோக்கும். பிடிஎஃப் பக்கத்தைச் சொல் சொல்லாக வெட்டித் திரைக்கேற்ப அடுக்கவும் தெரியும். ஸ்கேன் புத்தகம் வாசிப்பவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே கோரீடர் வேண்டும். ஆண்ட்ராய்டில் ஓடும் பூக்ஸ் வகைக் கருவிகளில் அதை நேரே நிறுவலாம். கிண்டிலில் மென்பொருள் பூட்டை உடைத்தால்தான் ஏறும்; உத்தரவாதம் போய்விடும்.

ஆக, காசு கொடுத்து வாங்கும் தமிழ் மின்னூல்தான் முக்கியம் என்றால் 7 அங்குலக் கிண்டில். ஸ்கேன் பிடிஎஃப்தான் முக்கியம் என்றால் 7.8 அல்லது 10.3 அங்குல ஆண்ட்ராய்டு கருவி. அதில் கிண்டில் செயலியும் ஓடும் என்பதால் இரண்டும் கிடைத்துவிடும். விலையும் கூடும், மின்கலமும் வாரக்கணக்கில் நிற்காது, சில நாளில் இறங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்தால் உத்தரவாதம் எந்த நாட்டுக்கு என்று பில்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கணக்கில் பதிந்தே கொடுத்துவிட்டுப் போனால் கடையும் அந்த நாட்டுக் கடையாகவே இருக்கும். பதிவை நீக்கி உங்கள் இந்தியக் கணக்கில் சேர்த்த பிறகு வாசிக்கத் தொடங்குங்கள்.

வெயில், செம்மண், சுவர்

பல கருவிகளின் கையேட்டில் பயன்பாட்டு வெப்ப உச்சம் 35 டிகிரி என்று போட்டிருக்கும். நம் ஊர்ச் சித்திரை அதை எளிதாகத் தாண்டும். நிழலில் வாசிப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. முற்றத்து வெயிலில் வைத்துச் சார்ஜ் போடுவதும், சென்னையிலிருந்து வரும் வழியில் கார் முகப்பில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதும்தான் மின்கலத்தை உப்பவைக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் போகிறவர்கள் கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வைத்தே ஆகவேண்டும் என்றால் பாதி சார்ஜோடு முழுதாக அணைத்து வையுங்கள். முழுச் சார்ஜும் கெடுதி, முழுக் காலியும் கெடுதி.

இ-இங்க் திரைக்குள் மெல்லிய கண்ணாடி இருக்கிறது. பையில் எவர்சில்வர் டப்பாவோடு சேர்த்து அமுக்கினால் மேலே கீறல்கூட இல்லாமல் உள்ளே விரிசல் விழும். திரையில் பாதி உறைந்து நிற்கும். மாற்றுத் திரையின் விலைக்குப் புதுக் கருவியே வாங்கிவிடலாம் என்ற நிலை. கெட்டியான மூடி உறை முதல் நாளே வேண்டும். செம்மண் புழுதி சார்ஜ் துளைக்குள் போவதையும் அது ஓரளவு தடுக்கும்.

சுண்ணாம்புக் காரைச் சுவர்களின் கனத்தால் முகப்பில் இருக்கும் வைஃபை இரண்டாம் கட்டுக்குப் போகாது. கைப்பேசி ஹாட்ஸ்பாட் போட்டால் போதும். ஆனால் விலை குறைந்த, பழைய இ-ரீடர்கள் பலவற்றுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். ஹாட்ஸ்பாட் 5 ஜிகாஹெர்ட்ஸில் இருந்தால் பட்டியலிலேயே பெயர் வராது. கருவி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புமுன் கைப்பேசியில் அந்த அமைப்பை மாற்றிப் பாருங்கள்.

புத்தகம் எங்கிருந்து?

மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தமிழ் இலக்கியங்களை இலவசமாக ஏற்றிவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அரிய நூல்கள் ஸ்கேன் வடிவில் ஏராளம். இலவசத் தமிழ் மின்னூல்கள் தளம் இ-பப் ஆகவே தருகிறது. ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம். தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்த்த நூல்களை நேரே இ-பப் ஆக இறக்கலாம். ஒரே நூல் ஸ்கேனாகவும் எழுத்தாகவும் கிடைத்தால் வாசிக்க எழுத்து வடிவம், மேற்கோளைச் சரிபார்க்க ஸ்கேன் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பிடிஎஃப் சிலவற்றில் எழுத்து கண்ணுக்கு நன்றாகத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக வரும். பாமினி, டாப், டாம், திஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் இருப்பதுதான் காரணம். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கினால்தான் அதை இ-பப் செய்ய முடியும்.

கிண்டில் கணக்குக்குச் சொந்தக் கோப்பை அனுப்பும்போது இ-பப் ஆகவே அனுப்புங்கள். பழைய மோபி வடிவத்தை இனி வாங்காது. மின்னஞ்சல் வழி என்றால் 50 எம்பி, இணையப் பக்கத்தின் வழி என்றால் 200 எம்பி வரம்பு. கிண்டில் கடையில் வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி யுஎஸ்பி வழியே ஏற்றும் வசதி 2025 பிப்ரவரி 26-உடன் நின்றுவிட்டது. காசு கொடுத்ததால் நூல் உங்களுடையது என்று நினைத்துவிடாதீர்கள். கிடைப்பது வாசிக்கும் உரிமம். திரும்பத் திரும்ப எடுக்கும் நூலைக் காகிதத்திலேயே வாங்குவதுதான் இன்னும் மலிவான காப்பு.

பெட்டகத்துக் காகிதத்தை ஸ்கேன் செய்ய

முதலில் இருவரிடம் கேட்கவேண்டும். ஒருவர் பங்காளி: பூட்டிக்கிடக்கும் அறை வேறு புள்ளிக்கு (தனிக்குடும்பத்துக்கு)ச் சேர்ந்ததாக இருக்கலாம். மற்றது இணையம்: யாராவது ஏற்கெனவே ஸ்கேன் செய்திருக்கிறார்களா? கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வீட்டில் சேர்த்துவைத்தவற்றைக் கொண்டு 1994-இல் சென்னையில் உருவான ஆய்வு நூலகத்தின் பட்டியலில் தலைப்பைத் தேடிப் பாருங்கள். அங்கே இருக்கிற நூலுக்கு உங்கள் உழைப்பை வீணாக்க வேண்டாம். எங்கும் இல்லாத குடும்ப மலருக்கும் ஊர்க் கோவில் பிரசுரத்துக்கும் அதைச் செலவிடுங்கள். ஓலைச்சுவடி கிடைத்தால் நீங்களே எண்ணெய் தடவிப் பிரிக்காதீர்கள். சுவடி நூலகம் உள்ள நிறுவனத்திடம் கேளுங்கள்.

பழுப்பேறிய தாளை மட்டமான ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்கினால் முதுகு முறியும். கைப்பேசிப் படமே நல்லது. கிரவுன் பக்கம் 300 டிபிஐ-யில் ஏறக்குறைய 30 லட்சம் படப்புள்ளிதான். 12 மெகாபிக்சல் கேமராவுக்கு அது சுலபம். இடம், வளவுத் தாழ்வாரம். காலை 9 முதல் 11 வரை முற்றத்து வெளிச்சம் சீராக வரும். நேர் வெயில் மட்டும் பக்கத்தில் படக்கூடாது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் நிறம் தாளில் பிரதிபலிக்கும் என்பதால் கீழே கறுப்புத் துணி விரியுங்கள். இரண்டு அட்டைகளைச் சுமார் 100 பாகைக் கோணத்தில் சாய்த்து அதில் புத்தகத்தைத் திறந்து வைத்து, கைப்பேசியை முக்காலியில் பக்கத்துக்கு இணையாக நிறுத்தி, வலப்பக்கங்கள் எல்லாவற்றையும் முதலில் எடுங்கள். பிறகு திருப்பி வைத்து இடப்பக்கங்கள். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரிந்தால் அடியில் கறுப்புத் தாள் ஒன்றைச் செருகுங்கள். பூச்சி உருண்டையும் தூசியும் மூக்கில் ஏறாமல் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். 'ஆவணம் அழகாக்கும்' கைப்பேசிச் செயலிகள் வேண்டாம். சாதாரணக் கேமராவே போதும்.

படங்களை ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருளில் ஏற்றுங்கள். கோணல் நிமிர்த்துவது, எழுத்துப் பகுதியை வெட்டுவது, ஓரம் அமைப்பது எல்லாம் அதுவே செய்யும். தமிழுக்கு ஒரு பெரிய ஆபத்து கடைசிப் படியில் இருக்கிறது. அழுக்குப் புள்ளி நீக்கும் வசதியை அதிகமாக வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளியையும் அழுக்கு என்று துடைத்துவிடும். 'கல்' என்பது 'கல' ஆகும், 'பல்' என்பது 'பல' ஆகும். வாக்கியமே பொருள் மாறும். அதை முழுதாக நிறுத்துங்கள், அல்லது மிகக் குறைந்த அளவில் வையுங்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது மெலிந்த பழைய அச்சு என்றால் ஒரு படி தடிமனாக்குங்கள். நிறப் படமாகவே வைத்தால் 200 பக்க நூல் 600 எம்பி ஆகிவிடும், இ-ரீடர் திணறும். கறுப்பு வெள்ளையில் 600 டிபிஐ என்றாலும் 10, 15 எம்பியில் அடங்கும். பிடிஎஃப் சுருக்கும்போது இழப்பில்லாத முறையையே தேர்ந்தெடுங்கள். இழப்புள்ள முறை ஒன்று, ஒத்த தோற்றமுள்ள எழுத்துகளை ஒன்றென நினைத்து ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுவிடும். கணக்கு எண்கள் உள்ள பக்கத்தில் இது நடந்தால் கண்டுபிடிக்கவே முடியாது.

எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) கொண்டு தேடத்தக்கதாக்கலாம். டெசராக்ட் என்ற எழுத்துணரி தமிழ் அறியும், கூகுள் டிரைவும் செய்யும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் துதிக்கை வைத்த ணை, லை, ளை, னையும், பழைய ணா, றா, னாவும் இருக்கும். அவற்றில் பிழை மலியும். 'ா' இருக்கவேண்டிய இடத்தில் 'ர' வருவதும் வழக்கம். ஆகவே அந்த எழுத்தைப் படத்துக்கு அடியில் மறைவாக வைத்துத் தேடலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள், வாசிப்பது படத்தையே.

பொதுவில் ஏற்றுமுன் உரிமை பாருங்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை. 1960-இல் இறந்தவர் என்றால் 2020 முடிவோடு தீர்ந்தது. நாட்டுடைமையான நூலுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். வட்டிக் கணக்குப் புத்தகம், இசைகுடிமானம் (திருமண உடன்படிக்கை), குடும்பக் கடிதங்கள் போன்றவை உரிமைக் காலம் எப்படியிருந்தாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

காலிபரில் ஒழுங்குபடுத்துதல்

சேகரம் கணினியில் இருக்கவேண்டும். இ-ரீடரில் இருப்பது அதன் நகல். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கருவி உடைந்தாலும் கவலையில்லை. அதற்குக் காலிபர் என்ற மின்னூல் மேலாண்மை மென்பொருள் போதும், இலவசம். தமிழுக்காகச் சில மாற்றங்கள்:

காலிபர் ஆசிரியர் பெயரின் கடைசிச் சொல்லை முன்னுக்குக் கொண்டுவந்து வரிசைப்படுத்தும். ராய. சொக்கலிங்கம் 'சொக்கலிங்கம், ராய.' ஆகிவிடுவார். முன்னெழுத்தில் ஊரும் தந்தையும் வருகிற நம் பெயர்களுக்கு இது பொருந்தாது. பிரிஃபரன்சஸ், ட்வீக்ஸ் பகுதியில் ஆசிரியர் வரிசை முறையை 'காப்பி' என்று மாற்றுங்கள். பெயர் உள்ளபடியே நிற்கும். பிறகு 'மேனேஜ் ஆத்தர்ஸ்' திறந்து 'சா.கணேசன்', 'சா. கணேசன்', 'கணேசன் சா.' என்று மூன்றாகப் பிரிந்திருப்பவரை ஒருவராக்குங்கள்.

மொழிப் புலத்தில் ஒவ்வொரு நூலுக்கும் தமிழ் என்று குறியுங்கள். காலியாக விட்டால் கருவி ஆங்கிலமாக எடுத்துக்கொண்டு எழுத்துருவைத் தவறாகத் தேர்வதுண்டு. நூற்றுக்கணக்கில் இருந்தால் எல்லாவற்றையும் தேர்ந்து ஒரே தடவையில் மாற்றலாம்.

தேடினால் கிடைக்காத நூல் பெரும்பாலும் எழுத்துக் கோளாறால் ஒளிந்திருக்கும். 'ஔவை'யை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருப்பார்கள். 'கொ'வையும் ஒரே குறியாகவும் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. தலைப்பை நீங்களே ஒருமுறை தட்டச்சு செய்து மாற்றிவிடுங்கள்.

காலிபரின் கோப்புறையைத் திறந்து பார்த்தால் தமிழ்த் தலைப்புகள் உருத்தெரியாத ரோமன் எழுத்தில் இருக்கும். பயப்படவேண்டாம், அது அதன் பழக்கம். அங்கே கைவைத்துப் பெயர் மாற்றினால்தான் சேகரம் உடையும். தமிழ்ப் பெயரோடு கோப்பு வேண்டுமென்றால் 'சேவ் டு டிஸ்க்' வழியே வெளியே எடுங்கள். ஆங்கில எழுத்துக்கு மாற்றும் தேர்வை அதில் நீக்கிவிடுங்கள்.

மலர்களுக்கும் பிரசுரங்களுக்கும் ஆசிரியர் இருக்கமாட்டார். '1937 - பள்ளத்தூர் - மணிவிழா மலர்' என்பதுபோல ஆண்டு, ஊர், வகை என்று தலைப்பு வையுங்கள். பழைய நூலில் 'ஈசுவர வருடம் சித்திரை' என்று மட்டும் இருந்தால் அது 1937-ஆகவும் இருக்கலாம், 60 ஆண்டு முன்னே போய் 1877-ஆகவும் இருக்கலாம். அச்சகமும் தாளும் பார்த்து முடிவுசெய்து, தமிழ் ஆண்டையும் குறிப்பில் எழுதுங்கள். 'காகிதம் எங்கே' என்று ஒரு தனிப் பத்தியும் சேருங்கள்: எந்த வீடு, எந்த அறை, எந்தப் பெட்டகம். இந்தப் பத்தியை எல்லாரும் தள்ளிப்போடுவார்கள். பிறகு பெட்டகம் பெட்டகமாகத் திறந்து தேடுவார்கள்.

காப்பு நகல்

இ-பப் ஆயிரம் சேர்ந்தாலும் ஒன்றிரண்டு ஜிபிதான். ஸ்கேன்கள்தான் இடத்தைத் தின்னும். மூன்று நகல் வையுங்கள்: கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ ஒன்று. காலிபர் நூலகத்தை மேகச் சேமிப்பு ஒத்திசைக்கும் கோப்புறைக்குள் நேரடியாக வைத்து இரண்டு கணினியில் திறந்தால் தரவுத்தளம் கெடும். மூடிய பிறகு நகலெடுத்து ஏற்றுங்கள். பென்டிரைவ் கொண்டுபோய்க் கொடுக்கத்தான், சேமிக்க அன்று. மின்சாரம் படாமல் சூட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதிலுள்ளது அழியக்கூடும். ஹார்டு டிஸ்க்கைக் கரையான் அரிக்காது என்பது உண்மைதான். ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை செருகி நாலு கோப்பைத் திறந்து பாருங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு

ஆச்சிக்கோ ஐயாவுக்கோ கொடுப்பதென்றால் கருவியைத் தயார்செய்து கொடுங்கள். பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். எனவே முதல் திரையில் கடை விளம்பரமும் பரிந்துரையும் தெரியாதபடி நிறுத்தி, 'அன்றாடம்', 'கதை', 'நம் வீட்டு மலர்' என்று மூன்றே தொகுப்பு வையுங்கள். ஒன்றில் பத்துப் புத்தகத்துக்கு மேல் வேண்டாம். கண் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வெளிச்ச நிறத்தை மஞ்சளாக மாற்றும் வசதி கூச்சத்தைக் குறைக்கும். விலை குறைந்த மாதிரிகளில் அது இருக்காது. கை நடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கம் புரட்டப் பொத்தான் உள்ள கருவி வேண்டும். தொடுதிரை என்றால் விரல் பட்டுப் பட்டுப் பத்துப் பக்கம் தள்ளிப் போய்விடும். வாசிக்கவே முடியாதவர்களுக்கு ஆண்ட்ராய்டு கருவியில் தமிழ்க் குரலை இறக்கிவைத்தால் இ-பப் நூலை உரக்கப் படித்துக்காட்டும். ஸ்கேன் நூலுக்கு அது நடக்காது. 'வைஃபையை அணை' என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்காமல், புத்தகங்களை ஏற்றி முடித்ததும் நீங்களே விமானப் பயன்முறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்; சார்ஜும் நிற்கும், நடுவில் மென்பொருள் புதுப்பித்து முகப்பு மாறிப்போய்க் குழப்புவதும் இருக்காது.